ஊசி அக்கா தூங்குறாங்க

வீட்டுக்கு வீடியோ காலிங் பெல் வைக்கப்போகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் யோசனை, மட்டமான ஒயரை வாங்காதீர்கள் என்பதுதான். ஒயர் மட்டமாக இருந்தால் படம் கலங்கும், குரல் கரகரக்கும், வாசலில் நிற்பது யாரென்றே தெரியாமல் போகும். என் வீட்டில் அந்தக் குறை கிடையாது. பதினோரு வாரத்தில் ஒரு தடவைகூடப் படம் கலங்கவில்லை. 'ஆள் சரியாகத் தெரியவில்லை, அதனால்தான் அப்படி ஆகிவிட்டது' என்று நான் எழுதப்போவதாக நீங்கள் எதிர்பார்க்கலாம். அப்படி எழுத மாட்டேன். எல்லாம் நன்றாகவே தெரிந்தது.

எழுதுவதற்கு நான்கு தாள் கொடுத்திருக்கிறீர்கள், நன்றி. காலையில் இங்கே வந்தபோது முன்னால் இருந்த காவலர் என் முகத்தைப் பார்க்காமலே "உக்காருங்க, கூப்பிடுவாங்க" என்றார். இரண்டே கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எனக்குக் கோபம் வரவில்லை. தொழில் தெரிந்த மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்.

நானும் அதே தொழில்தான் பார்த்தேன். முப்பத்திரண்டு வருடம், ஓர் அரசு அலுவலகத்தின் விசாரணை ஜன்னல். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஜனம், இந்தப் பக்கம் நான், நடுவில் கை நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை. ஓட்டை கொஞ்சம் தாழ்வாக இருக்கும். பேச வேண்டுமென்றால் குனிய வேண்டும். குனிந்து பேசுகிறவன் சத்தம் போட மாட்டான் என்பது நான் அனுபவத்தில் கண்டது. பதில் சொல்லும்போது நிமிர்ந்து பார்க்கக் கூடாது என்பதும் அப்படிக் கண்டதுதான். நிமிர்ந்தால் முகம் தெரியும். முகம் தெரிந்தால் இரக்கம் வரும், இரக்கம் வந்தால் வரிசை கெடும். ஆகவே எழுதிக்கொண்டே "நாளைக்கு வாங்க" என்பேன். பெரும்பாலானவர்கள் மறுநாள் வந்தார்கள். சிலர் வரவே இல்லை. அவர்கள் பிரச்சினை தானாகத் தீர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்வேன். ஊரில் எனக்கு 'நாளைக்கு சார்' என்று ஒரு பெயர் உண்டு. எனக்குக் கேட்காது என்று நினைத்துக்கொண்டு சொல்வார்கள்.

என் மனைவி நர்ஸ். தடுப்பூசிப் பிரிவில் இருந்தாள். இந்த ஊரில் நாற்பது வயதுக்குக் கீழே உள்ள யாரை வேண்டுமானாலும் நிறுத்திச் சட்டைக் கையை மடிக்கச் சொல்லிப் பாருங்கள், அவள் குத்திய தழும்பு இருக்கும். எல்லோருக்கும் அவள் 'ஊசி அக்கா'. வேடிக்கை என்னவென்றால், குழந்தையில் அவளைக் கண்டு வீறிட்டு அழுத ஜென்மங்கள் எல்லாம் வளர்ந்து கல்யாணம் கட்டி, பெற்றதையும் தூக்கிக்கொண்டு வாயெல்லாம் பல்லாக அவளைத் தேடி வருவார்கள். குத்தினவளைத் தேடிக்கொண்டு வருகிறார்கள். சரியான படிவத்தைச் சரியான வரிசையில் வாங்கிக் கொடுத்தவனை எதிரில் கண்டால் தெருவின் அந்தப் பக்கம் போய்விடுகிறார்கள். நன்றி என்கிற சமாச்சாரம் எந்த விதியின்படி நடக்கிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

எங்கள் வாசல் கதவைப் பகலில் சாத்தியதே கிடையாது. சாப்பிட உட்கார்ந்தால் யாராவது வந்து நிற்பார்கள். "அக்கா, பாப்பாவுக்கு நேத்துலேருந்து காய்ச்சல்." அவ்வளவுதான், தட்டைப் போட்டது போட்டபடி எழுந்து போய்விடுவாள். நான் சாப்பிட்டுக் கை கழுவி வந்த பிறகும் அவள் தட்டு அங்கேயே காய்ந்துகொண்டிருக்கும். சில பேர் என்னிடம், "அக்கா இல்லையா? சரி, வீட்ல யாரும் இல்லபோல, அப்புறமா வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். நான் ஆறடி ஆள், அவர்களுக்கு முன்னால்தான் நின்றுகொண்டிருப்பேன். நான் ஓய்வு பெற்ற மறுவாரம் ஈ காக்காய் எட்டிப் பார்க்கவில்லை. அவள் ஓய்வு பெற்ற மறுவாரம் வீட்டில் நாற்காலி போதவில்லை, பக்கத்து வீட்டில் இரவல் வாங்கினோம். வாங்கப் போனதும் நான்தான்.

பொறாமையா என்று நேற்று உங்கள் உதவியாளர் தயங்கித் தயங்கிக் கேட்டார். எதற்குத் தயக்கம்? ஆமாம், பொறாமைதான். முப்பத்தெட்டு வருடப் பொறாமை. அதை நான் ஒருநாளும் வெளியில் காட்டியதில்லை என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

பதினோரு வாரத்துக்கு முன்னால் அவள் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர், "கொஞ்ச நாளைக்குக் கூட்டம் சேர்க்காதீங்க, தொற்று வந்துடும்" என்றார். கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள் என்று அவர் எழுதிக் கொடுக்கவில்லை. எழுத்தில் இல்லாத கெடுவைச் சம்பந்தப்பட்டவர் தன் விவேகப்படி முடிவு செய்யலாம். நான் முடிவு செய்தேன். அன்று மாலையே கடைக்குப் போய் வீடியோ காலிங் பெல் வாங்கினேன். விழுந்ததில் அவள் போனும் உடைந்திருந்தது. பழுது பார்க்கக் கொடுத்திருப்பதாகச் சொல்லி வைத்தேன். என் மேஜையின் இரண்டாவது இழுப்பறையில் இருக்கிறது, சாவியை உங்களிடம் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் எலக்ட்ரீஷியன் வந்தார். ஐம்பது வயது மனிதர், வேலை சுத்தம். வெளியே மாட்டும் பெட்டியில் கேமரா, மைக், ஒரு பொத்தான். அதைக் கதவுக்குப் பக்கத்துச் சுவரில் வைத்துக் காட்டினார்.

"இந்த உயரத்துல வச்சா முகம் நேரா விழும் சார்."

"இன்னும் கீழ வைங்க."

"இவ்ளோ போதுமா?"

"இன்னும்."

இடுப்பு உயரத்துக்கு வந்ததும் அவர் துளை போடும் மெஷினைத் தரையில் வைத்துவிட்டார். "சார், இங்க வச்சா வர்றவங்க எல்லாரும் குனிஞ்சுல்ல பேசணும்?"

"குனியட்டும்."

"வயசானவங்க வந்தா இடுப்பு பிடிச்சுக்கும் சார்."

"அப்போ சீக்கிரமா பேசிட்டுப் போயிடுவாங்க."

நான் ஜோக் அடிப்பதாக நினைத்துச் சிரித்தார். பிறகு உள்ளே மாட்டும் திரையைக் கூடத்தில் வைக்கலாமா என்று கேட்டார். என் அறையில், மேஜைக்கு மேலே வைக்கச் சொன்னேன். பின்பக்க அறையில் படுத்திருந்தவளை எட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா ரூம்லயும் ஒரு திரை போட்டுக்கலாம் சார். படுத்துக்கிட்டே யார் வர்றாங்கன்னு பாப்பாங்க, பொழுதும் போகும்" என்றார். நல்ல யோசனைதான். அவளுக்கு ஓய்வு வேண்டும் என்று சொல்லிவிட்டேன். மணிச் சத்தத்தை என் காதுக்கு மட்டும் எட்டும்படி குறைத்து வைத்தேன். பழைய மணி தெருக்கோடி வரை கேட்கும். அதைக் கழற்றிப் பரண்மேல் போட்டாயிற்று.

கதவுக்கு எலக்ட்ரிக் பூட்டு. உள்ளே இருப்பவர் கைப்பிடியைத் திருகினால் திறக்கும். வெளியே போனதும் தானாகச் சாத்திப் பூட்டிக்கொள்ளும். பிறகு வெளியிலிருந்து திறக்க முடியாது, திரையில் இருக்கும் பச்சைப் பொத்தானை நான் அமுக்கினால்தான் உண்டு. போகும்போது எலக்ட்ரீஷியன் இன்னொன்றையும் விளக்கினார். "திரை முப்பது செகண்டுல தானா அணைஞ்சுடும் சார். திரும்பப் பாக்கணும்னா பக்கத்துப் பொத்தானை அமுக்குங்க. மணி அடிச்சாலும் சரி, நீங்க அமுக்கினாலும் சரி, ஒவ்வொரு தடவையும் ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கும்." இதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டேன். போட்டோ என்பது ஆவணம். ஆவணம் என்றால் எனக்கு மரியாதை உண்டு.

அன்று பதினொரு மணிக்கே ஆரம்பித்துவிட்டார்கள். முதலில் ஒரு பஸ் டிரைவர், மனைவியும் இரண்டு குழந்தைகளும் கூட. எங்கிருந்து பேசுவது என்று தெரியாமல் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டுக் கடைசியில் குனிந்தார். நான் பதிவேட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். நிமிரவில்லை. பொத்தானை அமுக்கி, "ஊசி அக்கா தூங்குறாங்க. நாளைக்கு வாங்க" என்றேன்.

"சரிங்க சார், நாளைக்கு வர்றோம்" என்று பணிவாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பத்து வயது குறைந்த மாதிரி இருந்தது.

மறுநாள் வந்தார்கள். மறுநாளும் ஊசி அக்கா தூங்கிக்கொண்டிருந்தாள். இரண்டு மூன்று தடவைக்கு மேல் யாரும் வருவதில்லை. இவ்வளவுதான் அவர்களுடைய பாசம் என்று நான் நினைத்துக்கொண்டேன். எதிர்த்த லாண்டரிக் கடை அம்மா மட்டும் சளைக்கவில்லை, வாரம் தவறாமல் சூப்புப் பாத்திரத்தோடு வந்து குனிந்தார். அவருக்கும் அதே பதில்தான். விதியில் விலக்குக் கிடையாது.

பதிவேட்டைப் பற்றி நீங்கள் கிண்டலாகக் கேட்டதாக எனக்குப் பட்டது. வரிசை எண், தேதி, நேரம், வந்தவர், வந்த நோக்கம், எடுத்த நடவடிக்கை. கடைசிக் கட்டத்தில் எப்போதும் ஒரே பதில் என்பதால் இரண்டாம் பக்கத்திலிருந்து 'மேற்படி' என்று போட்டேன். போட்டோக்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, அகர வரிசைப்படி தனித்தனி உறையில் வைத்தேன். பதினோரு வாரத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு வரிசை எண். வேறொருவனாக இருந்தால் அன்றன்றைக்கே அழித்திருப்பான். ஆவணத்தை அழிக்க என் கை வராது.

சாயங்காலம் அவளுக்குக் கஞ்சி கொண்டுபோய்க் கொடுப்பேன். கேட்பாள்.

"யாராவது வந்தாங்களாங்க?"

"இல்லை."

"ஆஸ்பத்திரிலேருந்துகூட யாரும் வரலையா?"

"அவங்கவங்களுக்கு ஆயிரம் வேலை."

"அதுவும் சரிதான்" என்பாள். முதல் வாரம் தினமும் கேட்டாள். மூன்றாம் வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள். ஆறாம் வாரத்தில் கேட்பதையே விட்டுவிட்டாள். சுவர்ப்பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். உடற்பயிற்சி சொல்லிக் கொடுக்க வாரம் இரண்டு முறை ஒரு பிசியோதெரபிப் பெண் வருவாள். ஆஸ்பத்திரிச் சீட்டு வைத்திருந்ததால் அவளை மட்டும் உள்ளே விட்டேன். "எலும்பெல்லாம் சேர்ந்துடுச்சு சார். அம்மா இப்பவே நடக்கலாம். மனசுதான் விட்டுப்போச்சு. நாலு பேர் வந்து கலகலன்னு பேசினா எழுந்துடுவாங்க" என்றாள். பார்க்கலாம் என்றேன். பார்க்கலாம் என்பதும் எங்கள் அலுவலகச் சொல்தான்.

என்னை ஏதோ கல்நெஞ்சக்காரன் என்று நினைத்துவிட வேண்டாம். யாரோ வாசலில் ஒரு பை நிறைய ஆரஞ்சுப் பழம் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். வீணாகக் கூடாதே என்று உரித்து அவளுக்குக் கொடுத்தேன். "நீங்களா வாங்கினீங்க?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர். முப்பத்தெட்டு வருடத்தில் அவள் என்னை அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தடவை. வெளியூரில் இருக்கும் எங்கள் மகள் என் போனில் பேசும்போது, "யாருமே வரலியாம்மா?" என்று கேட்டாள். "இல்லடி. எல்லாரும் மறந்துட்டாங்க. உங்கப்பா மட்டும்தான் பக்கத்துலயே இருக்காரு" என்றாள் இவள். நான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். என் உத்தியோகக் காலம் முழுக்கக் கிடைக்காத நற்சான்றிதழ் அது. அந்த நாட்கள்தான் என் வாழ்க்கையிலேயே சந்தோஷமான நாட்கள். இதை எழுதும்போதும் அந்தச் சந்தோஷம் குறையவில்லை.

கெடுத்தது பிசியோதெரபிப் பெண். அவள் உங்களிடம் சொன்ன பிறகுதான் எனக்கே தெரியும். போன திங்கட்கிழமை உள்ளே வரும்போது, கேட்டுக்கு வெளியே திரும்பிப் போய்க்கொண்டிருந்த இரட்டைப் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறாள். தடிமாடு மாதிரி வளர்ந்த பிள்ளைகள், எட்டு மாதத்தில் பிறந்ததுகளை என் மனைவிதான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துக் காப்பாற்றினாளாம். இவள் காலை மடக்கி நீட்டிவிட்டுக்கொண்டே அதைப் பேச்சுவாக்கில் இவளிடம் சொல்லிவிட்டாள்.

அன்று சாயங்காலம், பல வாரம் கழித்து, இவள் மறுபடி கேட்டாள். "இன்னைக்கு யாராவது வந்தாங்களாங்க?"

"இல்லை" என்றேன்.

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். "சரிங்க" என்றாள்.

அடுத்த மூன்று நாள் வாக்கரைப் பிடித்துக்கொண்டு அறைக்குள்ளேயே நடந்து நடந்து பார்த்தாள். எனக்குச் சந்தோஷம். நம் கவனிப்பு வீண்போகவில்லை என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை மாலை நாலு பத்து. நல்ல மழை. மத்தியானம் வந்த ஒரு பென்ஷன்காரரைப் பதிவேட்டில் ஏற்றிக்கொண்டிருந்தேன். மணி அடித்தது. நிமிரவில்லை. கை தானாகப் பொத்தானுக்குப் போயிற்று.

"ஊசி அக்கா தூங்குறாங்க. நாளைக்கு வாங்க."

மழைச் சத்தத்துக்கு நடுவே ஒரு குரல், கோபமே இல்லாமல், "சரிங்க. நாளைக்கு வர்றேன்" என்றது.

அப்போதுதான் நிமிர்ந்தேன். திரையில் என் மனைவி. வீட்டில் உடுத்தும் நைட்டி, கையில் வாக்கர். பின்னறையிலிருந்து கூடத்தைத் தாண்டி, கைப்பிடியைத் திருகி, அவளாகவே வாசலுக்குப் போயிருக்கிறாள். அவளுக்குப் பின்னால் கதவு பூட்டிக்கொண்டுவிட்டது.

பச்சைப் பொத்தான் என் விரலுக்கு அரை அங்குலம் தள்ளி இருந்தது. அதை அமுக்கினால் கதவு திறக்கும். திறந்தால் அவள் உள்ளே வருவாள். நேருக்கு நேர் நிற்க வேண்டும், நடுவில் கண்ணாடி கிடையாது. திருப்பி அனுப்பிய ஆளை நான் நேரில் பார்த்துப் பழக்கமில்லை. என்ன சொல்வது என்று ஒரு வாசகமும் தயாராக இல்லை. அவள் இரண்டாம் தடவை மணி அடிக்கட்டும், திறந்துவிடலாம் என்று இருந்தேன். விண்ணப்பித்தவர்தான் மறுபடி நினைவூட்ட வேண்டும். அதுதான் முறை. அவள் அடிக்கவில்லை.

திரை அணைந்தது. பொத்தானை அமுக்கினேன். நின்றுகொண்டிருந்தாள். மறுபடி அணைந்தது. மறுபடி அமுக்கினேன். சாரல் அவள் மேல் அடித்தது. கால் நடுங்கி, மெதுவாக மேல்படியில் உட்கார்ந்தாள். கேமராவைத் தாழ்வாக வைத்தது நல்லதாகப் போயிற்று, உட்கார்ந்த பிறகும் முகம் முழுதாகத் தெரிந்தது. அழவில்லை. மணிப் பொத்தானை ஒரு தடவை பார்த்தாள், அவ்வளவுதான். நாலு முப்பத்தொன்றுக்கு எழுந்து, எதிர்த்த லாண்டரிக் கடைக்குப் போகலாம் என்று நினைத்தாளோ என்னவோ, படியில் இறங்கினாள். வாக்கரின் கால் இரண்டாம் படியில் வழுக்கியது. தலை கீழ்ப்படியின் விளிம்பில் பட்டது. மழையில் சத்தம் பெரிதாகக் கேட்கவில்லை. அப்புறமும் நான் எட்டுத் தடவை அமுக்கினேன்.

மழைக்காகப் பாதி இறக்கியிருந்த ஷட்டருக்கு அடியில் குனிந்து லாண்டரி அம்மா ஓடி வந்தார். மணியை விடாமல் அடித்தார். "சார், அக்கா விழுந்து கெடக்காங்க சார், ரத்தம் வருது, கதவைத் தொறங்க சார்" என்று கத்தினார். நான் அவரிடம் என்ன சொன்னேன் என்று அவர் உங்களிடம் சொல்லியிருக்கிறார். அது உண்மைதான். "ஊசி அக்கா தூங்குறாங்க, நாளைக்கு வாங்க" என்றுதான் சொன்னேன். வாய்ப்பழக்கம். அவரைப் பதிவேட்டில் இருநூற்றுப் பதினாலு என்று ஏற்றிவிட்டு, பச்சைப் பொத்தானை அமுக்கினேன்.

இருநூற்றுப் பதின்மூன்று என் மனைவி. அந்த வரியில் 'வந்த நோக்கம்' என்ற கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது. என்ன எழுதுவது என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போதே உயிர் இல்லை. இரவோடு இரவாக மகள் வந்து சேர்ந்தாள். மறுநாள் முழுக்க ஊரே திரண்டு வந்து வீட்டில் நின்றது. இருநூற்றுப் பன்னிரண்டில் முக்கால்வாசிப் பேரை என்னால் அடையாளம் சொல்ல முடியும். அன்றிரவு மகள் என் அறைக்கு வந்தாள். "அப்பா, அம்மாவோட நல்ல போட்டோ ஒண்ணு வேணும், பெருசா போடணும்" என்றாள். "கம்ப்யூட்டர்ல 'ம' வரிசையில, 'மனைவி'ன்னு இருக்கும் பாரு. சமீபத்துல எடுத்தது" என்றேன். கேட்டதும் எடுத்துக் கொடுக்க முடிகிறதே என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஐம்பத்தொரு போட்டோ. மணி அடித்தபோது விழுந்தது ஒன்று, நான் அமுக்கியதில் விழுந்தது ஐம்பது. ஒவ்வொன்றின் கீழேயும் நேரம் இருக்கும். மகள் ஒன்றுவிடாமல் கடைசிவரை பார்த்தாள்.

"அப்பா, நீங்க பாத்துக்கிட்டேவா இருந்தீங்க?"

"முப்பது செகண்டுக்கு ஒரு தடவை அணைஞ்சுடும்மா" என்று விளக்கினேன். "திரும்பத் திரும்ப அமுக்கணும்."

அவள் வெளியே போய் உங்களுக்குப் போன் செய்தாள். நல்ல பிள்ளை, முறையாகச் செய்தாள்.

குற்றத்தை ஒப்புக்கொள்கிறீரா என்று நாலாவது தாளின் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். திறந்திருக்கலாம், திறக்கவில்லை. ஐம்பது தடவை ஒரு பொத்தானை அமுக்கினேன், பக்கத்தில் இருந்த இன்னொரு பொத்தானை அமுக்கவில்லை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உங்கள் குறிப்பில் ஒன்று மட்டும் விட்டுப்போயிருக்கிறது, அதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நாளைக்கு வருவதாக என் மனைவி என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள். சொன்ன சொல் தவறுகிறவள் இல்லை. மறுநாள் கூடத்தில் அத்தனை கூட்டம், கதவு அகலத் திறந்து கிடந்தது, எல்லோரும் கேட்காமலே உள்ளே வந்துகொண்டிருந்தார்கள். நான் நாலு மணிக்கே என் அறையைச் சாத்திக்கொண்டு திரைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டேன். பதிவேட்டை மூடி வைத்திருந்தேன். தலையை நிமிர்த்தி, விரலைப் பச்சைப் பொத்தான் மேலேயே வைத்துக்கொண்டு ஆறு மணி வரை காத்திருந்தேன். அவள்தான் வரவில்லை.